7.4 கிலோவாட் சுவர்ப் பெட்டி: குமரி மாவட்டத்தில் தேறுமா?

மின்சார கார் எடுக்கப் போனால் ஷோரூமில் கூடவே ஒரு பெட்டியைக் காட்டுவார்கள். 7.2 அல்லது 7.4 கிலோவாட் வால்பாக்ஸ். கார் விலையில் சேர்ந்தே வரும், இல்லாவிட்டால் தனியாக வாங்கச் சொல்வார்கள். இந்த விமர்சனம் எந்த ஒரு கம்பெனியின் பெட்டியையும் பற்றியது இல்லை. கடையில் கிடைக்கிற பெட்டிகள் உள்ளே முக்கால்வாசி ஒரே மாதிரிதான்: ஒரு ரிலே, ஒரு கன்ட்ரோல் போர்டு, ஐந்து மீட்டர் கேபிள், நுனியில் காரில் செருகுகிற டைப் 2 கன். விலை வித்தியாசம் பெரும்பாலும் வெளிக்கூட்டிலும் மொபைல் ஆப்பிலும் இருக்கிறது. பெட்டி நன்றாக ஓடுவதும் மாதம் ஒருமுறை ட்ரிப் ஆகி எரிச்சல் கிளப்புவதும் அதன் பின்னால் வருகிற வயர், எர்த் குழி, தெருமுனை ட்ரான்ஸ்பார்மர் ஆகிய மூன்றையும் பொறுத்தது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பெட்டி வாங்கலாம். வேகத்துக்காக வாங்க வேண்டாம், பாதுகாப்புக்காக வாங்குங்கள். வாங்கியபின் அதை 32 ஆம்பியரில் (அதுதான் 7.4 கிலோவாட்) ஓட்டாமல் 16-ல் (அதில் பாதி) வைத்து ராத்திரி ஓட்டினால் குமரி மாவட்டத்துப் பாதி வீடுகளுக்கு அதுவே தாராளம்.

காரணம் தூரக் கணக்கு. நம் மாவட்டம் சின்னது. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி சுமார் 20 கிலோமீட்டர், மார்த்தாண்டம் சுமார் 30. தினமும் மார்த்தாண்டம் போய்த் திரும்புகிற ஆளுக்கு 60 கிலோமீட்டர். சிறிய, நடுத்தரக் கார்கள் பேட்டரியிலிருந்து கிலோமீட்டருக்கு 130 வாட்மணி அளவில் எடுக்கும். லைனில் வருகிற மாறுமின்னோட்டத்தை (ஏசி) பேட்டரிக்கான நேர்மின்னோட்டமாக (டிசி) மாற்றும்போது பத்து, பன்னிரண்டு சதவீதம் சூடாகப் போய்விடும். ஆக மீட்டரில் ஓடுவது கிலோமீட்டருக்கு 150 வாட்மணி. 60 கிலோமீட்டருக்கு 9 யூனிட். 16 ஆம்பியரில் அது இரண்டரை மணி நேர வேலை. ராத்திரி பதினொன்றுக்கு ஆரம்பித்தால் ஒன்றரைக்கு முடிந்துவிடும். இதற்கு 32 ஆம்பியர் எதற்கு?

தேவைப்படுகிற ஆட்களும் உண்டு. 45 யூனிட் பேட்டரியை 10 சதவீதத்திலிருந்து நிரப்ப மீட்டரில் சுமார் 45 யூனிட் ஓடும். 7.4 கிலோவாட்டில் ஆறு மணி நேரம், 3.3 கிலோவாட்டில் பதிமூன்றரை. சாயங்காலம் திருவனந்தபுரம் போய்விட்டு வந்து காலையில் மதுரைக்குக் கிளம்புகிற டாக்ஸிக்காரருக்கு 7.4 இல்லாமல் முடியாது. வீட்டில் இரண்டு கார் இருந்தாலும் அப்படித்தான்.

பெயர் விஷயத்தில் ஒரு தெளிவு வேண்டும். இந்தப் பெட்டி சார்ஜர் இல்லை. சார்ஜர் காருக்குள் இருக்கிறது. பெட்டி ஒரு புத்தியுள்ள சுவிட்சு, அவ்வளவுதான். கன்னில் இருக்கிற சின்னப் பின் வழியாக 1 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் ஒன்றைக் காருக்கு அனுப்பும். சிக்னல் துடிப்பின் அகலம், அதாவது ஒரு சுற்றில் அது உயர்ந்து நிற்கிற நேரம், 26.7 சதவீதம் என்றால் 16 ஆம்பியருக்கு மேல் இழுக்காதே என்று அர்த்தம், 53.3 என்றால் 32. கார் அதைப் படித்து அதற்குள் இழுக்கும். காருக்குள் இருக்கிற சார்ஜர் 3.3 கிலோவாட்டாக இருந்தால் பெட்டியில் 7.4 என்ன, 22 என்று எழுதியிருந்தாலும் 3.3-தான் ஏறும். ஆகையால் பெட்டி விலை கேட்கும் முன்னால் காரின் உள் சார்ஜர் எத்தனை கிலோவாட் என்று கேளுங்கள். ஒரே காரிலேயே குறைந்த வேரியன்ட்டுக்கு 3.3, கூடிய வேரியன்ட்டுக்கு 7.2 என்று வைத்திருப்பதும் உண்டு. சேல்ஸ்மேன் தானாகச் சொல்ல மாட்டார்.

அப்படியானால் 15 ஆம்பியர் சாக்கெட்டே போதுமே, பெட்டி எதற்கு?

இந்தக் கேள்விக்குப் பதில் எரிந்த சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால் கிடைக்கும். அயர்ன் பாக்ஸுக்கும் கிரைண்டருக்கும் போட்ட சாக்கெட் பத்து நிமிஷம் பாரம் தூக்கி, அப்புறம் ஓய்வெடுத்துப் பழகியது. கார் அதிலிருந்து ஏழெட்டு மணி நேரம் விடாமல் 14, 15 ஆம்பியர் இழுக்கும். கழற்றினால் மூன்று ஓட்டையில் ஒன்றைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் காப்பி நிறத்தில் இருக்கும். பின்பக்கம் அந்த முனையில் வயர் நுழைகிற இடத்தில் ஒரு அங்குலத்துக்கு உறை கெட்டியாகி, வளைத்தால் நொறுங்கும். பித்தளை ஸ்பிரிங் பிடிப்பு விட்டுப்போய் பிளக் தானாக ஆடும். பிடிப்பு தளர்ந்தால் சூடு, சூட்டில் இன்னும் தளர்ச்சி என்று அது வட்டமாகச் சுற்றும். எம்சிபி, அதாவது கரண்ட் அளவு மீறினால் விழுகிற சுவிட்சு, இதைக் கண்டுபிடிக்காது. ஓடுகிற கரண்ட் சரியான அளவுதான், சூடாவது ஒரு புள்ளி மட்டும். சுவர்ப் பெட்டியில் பிளக்கே கிடையாது, வயர் நேராக ஸ்க்ரூ முனையில் ஏறுகிறது. இந்த ஒரு காரணத்துக்கே பெட்டி காசு தகும்.

சாக்கெட்தான் வழி என்றால் இண்டஸ்ட்ரியல் டைப் நீலநிற 16 ஆம்பியர் சாக்கெட் போடுங்கள், மெயின் போர்டிலிருந்து தனி 4 ஸ்கொயர் (4 சதுர மில்லிமீட்டர்) வயர், தனி எம்சிபி, தனி ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் விழுகிற சுவிட்சு). எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அறவே கூடாது. ஸ்கூட்டருக்குப் பரவாயில்லை. அதன் பேட்டரி மூன்று, நான்கு யூனிட், சார்ஜர் பெரும்பாலும் ஒரு கிலோவாட்டுக்குக் கீழே, சாதாரண சாக்கெட் தாங்கும்.

வயரிங்

வயர்மேன் வந்ததும் சொல்கிற முதல் வார்த்தை: "4 ஸ்கொயர் போதும் அண்ணாச்சி, ஏசிக்கெல்லாம் அதுதான் போடுதோம்." 32 ஆம்பியருக்கு அது போதாது. ஏசியின் கம்ப்ரசர் விட்டு விட்டு ஓடும், கார் விடாது. கணக்கு இப்படி: 4 ஸ்கொயர் செம்பு வயரின் தடை கிலோமீட்டருக்கு 4.61 ஓம், 6 ஸ்கொயருக்கு 3.08, 10 ஸ்கொயருக்கு 1.83. மீட்டரிலிருந்து கார் நிற்கிற இடம் 30 மீட்டர் என்றால் போக வர 60 மீட்டர் வயர். 4 ஸ்கொயரில் 32 ஆம்பியர் ஓடும்போது கிட்டத்தட்ட 9 வோல்ட் வயரிலேயே காணாமல் போகும், சுவருக்குள் 280 வாட் சூடு. 6 ஸ்கொயரில் 6 வோல்ட், 190 வாட். 10 ஸ்கொயரில் மூன்றரை வோல்ட், 112 வாட். 15 மீட்டருக்குள் என்றால் 6 போதும். அதற்கு மேல் 10 போடுங்கள். நம் ஊரில் ரோட்டோரம் கேட், நடுவில் தென்னந்தோப்பு, பின்னால் வீடு என்று நீளமான புரையிடங்கள் (வீட்டு மனைகள்) நிறைய. கார் கேட் பக்கம் நிற்கிறதென்றால் 10 ஸ்கொயர் தவிர வேறு பேச்சில்லை.

பாதுகாப்புச் சாமான்: 40 ஆம்பியர் சி கர்வ் எம்சிபி, 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி, ஒரு டைப் 2 சர்ஜ் ப்ரொடெக்டர் (இடி மின்னலில் பாய்கிற வோல்டேஜைத் தடுப்பது). ஆர்சிசிபியில்தான் தப்பு நடக்கும். கடையில் வெறுமனே "40 ஆம்பியர் ஆர்சிசிபி" என்று கேட்டால் டைப் ஏசியை எடுத்துத் தருவார்கள். காருக்குள்ளிருந்து கசிகிற டிசி கரண்ட் இந்த வகையின் காந்த வளையத்தை மரத்துப்போகச் செய்துவிடும். அப்புறம் உண்மையான ஷாக் அடித்தாலும் அது விழாது. முகப்பில் இருக்கிற படத்தைப் பாருங்கள்: ஒரு பாம்பு வளைவு மட்டும் இருந்தால் டைப் ஏசி. அதன் கீழே அரை வளைவுகள் வரிசையாக இருந்தால் டைப் ஏ. டைப் ஏ போடுங்கள், அத்துடன் பெட்டிக்குள் 6 மில்லியாம்பியர் டிசி கசிவைப் பார்க்கிற சென்சார் இருக்கிறதா என்று ஸ்பெசிபிகேஷனில் பாருங்கள். சென்சார் இல்லாத மலிவுப் பெட்டிக்கு டைப் பி ஆர்சிசிபி வேண்டும், அதன் விலையைக் கேட்டால் பெட்டியில் மிச்சம் பிடித்தது போய்விடும்.

பெட்டி மாட்டி ஒரு மாதம் கழித்து மெயினை அணைத்துவிட்டு எல்லா ஸ்க்ரூ முனைகளையும் மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, செம்பு கொஞ்சம் அமுங்கும். முதல் மாதத்துக்குப் பின் வருகிற புகார்களில் இது முக்கியமானது, இலவசமாகச் சரியாவதும் இதுதான்.

எர்த்

"பெட்டி சிவப்பு லைட் எரியுது, எர்த் பால்ட்னு காட்டுது." பெட்டி கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்குப் போன் போட்டுச் சண்டை நடக்கும். கெட்டது பெட்டி இல்லை. காருக்கு ரப்பர் டயர், அதன் உலோக உடம்புக்குத் தரையோடு தொடர்பு எர்த் கம்பி வழியாக மட்டும்தான். அதனால் எர்த் சரியில்லாவிட்டால் பெட்டி கரண்ட் விடாது, விடவும் கூடாது.

மாவட்டத்தில் எர்த் இரண்டு விதமாகக் காலை வாரும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் சரல் மண், கீழே பாறை. குழாய் நாலடிக்கு மேல் இறங்காமல் அப்படியே விட்டிருப்பார்கள். குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கம் கடல் மணல். மழைக்காலத்தில் நன்றாக இருக்கும், பங்குனி சித்திரையில் காய்ந்து எர்த் போய்விடும். எட்டு முதல் பத்தடி ஆழம் ஜிஐ பைப் இறக்கி, கரியும் உப்பும் அல்லது பென்டோனைட் களிமண் போட்டு, எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குக் கீழே காட்டினால் நிம்மதி. பாறை இருக்கிற இடத்தில் ஒரே குழியை ஆழமாக்கப் போராடாமல் பத்தடி தள்ளி இன்னொரு குழி தோண்டி இரண்டையும் இணைப்பது நல்லது. கழுவுகிற வெள்ளம் (தண்ணீர்) போகிற ஓரத்தில் குழி இருந்தால் கோடையிலும் ஈரம் நிற்கும்.

மல்ட்டிமீட்டர் கையில் இருந்தால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்து பாருங்கள். சார்ஜ் ஓடாதபோது இரண்டு, மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 20, 30 என்று காட்டினால் எர்த் அறுந்திருக்கிறது, அல்லது நியூட்ரல் தளர்ந்திருக்கிறது.

இங்கே சில வயர்மேன்கள் செய்கிற ஒரு குறுக்குவழி உண்டு. பெட்டிக்குள் வருகிற எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டு வயரால் ஒட்டிவிடுவார்கள். சிவப்பு லைட் உடனே பச்சை ஆகிவிடும், வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். ஆனி ஆடிக் காற்றில் ஒரு தென்னை மட்டை விழுந்து தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்தால், அந்த நிமிஷம் கார் உடம்பு முழுவதும் 230 வோல்ட். கதவைத் தொடுகிறவர் ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பார். வேலை முடிந்ததும் பெட்டியின் மூடியைத் திறந்து உங்கள் கண்ணால் பாருங்கள்: மூன்று வயர், மூன்று முனை, இடையில் பாலம் எதுவும் இருக்கக் கூடாது.

உப்புக் காற்று

கடலிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் வீடு என்றால் ஐபி54 பெட்டி வேண்டாம், ஐபி65 வாங்குங்கள் (ஐபி எண் தூசியும் தண்ணீரும் புகாமல் காக்கிற அளவு), கீழிருந்து கேபிள் நுழைகிற மாதிரி மாட்டுங்கள். சுவரில் பிடிக்கிற போல்ட் 316 ஸ்டெயின்லெஸ். 304 கடலோரத்தில் துருப்புள்ளி விடும். வயர் நுனிகளில் ஈயம் பூசிய லக் போடாவிட்டால் ஒரு வருஷத்தில் செம்பு பச்சை படிந்து நிற்கும். கன்னின் பின்கள் கறுத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மேலே வெள்ளி முலாம் இருக்கிறது, போய்விடும். கான்டாக்ட் கிளீனர் அடித்து உலர விட்டால் போதும். கன்னை எப்போதும் மூக்கு கீழே பார்க்கிற மாதிரி ஹோல்டரில் மாட்டுங்கள்.

இடி இன்னொரு விஷயம். குலசேகரம், பேச்சிப்பாறை அடிவாரத்தில் சித்திரை, வைகாசி இடியும் ஐப்பசி இடியும் டிவியைத் தின்பது ஊரறிந்தது. சர்ஜ் ப்ரொடெக்டரில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், பச்சை என்றால் உயிரோடு இருக்கிறது, சிவப்பு என்றால் அது செத்துப் பெட்டியைக் காப்பாற்றியிருக்கிறது. காட்ரிஜை மட்டும் மாற்றினால் போதும்.

வோல்டேஜும் ட்ரான்ஸ்பார்மரும்

பெட்டியில் 7.4 என்று எழுதியிருப்பது 230 வோல்ட்டுக்குக் கணக்கு. லைனின் கடைசியில் இருக்கிற வீட்டில் ராத்திரி ஏழரை மணிக்கு 190 வோல்ட்தான் வருகிறதென்றால் 32 ஆம்பியரில் 6 கிலோவாட்தான் ஏறும். இன்னும் குறைந்தால் பெட்டி நின்றுவிடும். ஒரு எளிய சோதனை: சார்ஜ் ஆரம்பிக்கும் முன் ஆப்பில் வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள், முழு ஆம்பியர் ஏறியபின் மறுபடி பாருங்கள். 228 இருந்தது 220 ஆனால் நல்லது. 205 ஆனால் 23 வோல்ட்டை வழியில் எதுவோ சாப்பிடுகிறது, அதாவது 32 ஆம்பியரில் 730 வாட் எங்கோ சூடாகிறது. வீட்டு வயர் கணக்கு ஆறு வோல்ட் என்றால் மீதி போஸ்ட்டிலிருந்து மீட்டர் வரைக்குமான சர்வீஸ் வயரிலும், கம்பத்து ஜம்பரிலும், மீட்டர் முனையிலும். அலுமினிய சர்வீஸ் வயரைக் கம்பத்தில் வெறுமனே முறுக்கிக் கட்டிய ஜாயின்ட் இருந்தால் அதுதான் பெரும்பாலும் குற்றவாளி. இ.பி. ஆபீஸில் எழுதிக் கொடுத்தால் லைன்மேன் வந்து கிளாம்ப் போடுவார். நீங்களே ஏணி வைத்து ஏறாதீர்கள்.

ஒற்றை பேஸ் இணைப்பில் பெட்டியை 32-ல் ஓட்டுகிற எண்ணத்தை விட்டுவிடுங்கள். லோடு கூட்டி மூன்று பேஸ் வாங்க வேண்டும். மின்நுகர்வோர் உரிமை விதிகளின் 2024 திருத்தத்தில் கார் சார்ஜுக்கென்று தனி இணைப்பு கேட்கவும் வழி வைத்திருக்கிறார்கள். மூன்று பேஸ் வந்ததும் எந்த பேஸில் பெட்டியைக் கொடுப்பது என்று யோசிக்காமல் முதலில் கைக்கு வருகிற பேஸில் கொடுத்துவிடுவார்கள். அதே பேஸில் ஏசியும் வெந்நீர் ஹீட்டரும் மோட்டாரும் இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு க்ளாம்ப் மீட்டரால் (வயரைக் கவ்விக் கரண்டை அளக்கிற கருவி) மூன்று பேஸையும் அளந்து லோடு குறைந்த பேஸில் மாட்டச் சொல்லுங்கள்.

இனி தெருவுக்கு வருவோம். நம் தெருமுனைகளில் நிற்கிற 100 கேவிஏ ட்ரான்ஸ்பார்மர் ஒரு பேஸுக்குத் தரக்கூடிய முழு கரண்ட் 133 ஆம்பியர். ஒரே பேஸில் நான்கு வீட்டுப் பெட்டிகள் சேர்ந்து ஓடினால் 128. விளக்கு, ஃபேன், டிவி எல்லாம் அதற்கு மேல். 63 கேவிஏ என்றால் மூன்று பெட்டியே தாங்காது. இன்று தெருவுக்கு ஒரு கார், அதனால் யாருக்கும் தெரியவில்லை. தெருவுக்கு ஐந்து ஆனதும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடு வந்து எல்லோரும் ஒரே நேரத்தில் குத்தினால் முதலில் ஃப்யூஸ் போகும். ராத்திரி பதினொன்றுக்கு மேல் 16 ஆம்பியரில் ஓட்டுங்கள் என்று முதலில் சொன்னதற்கு இதுவும் காரணம். டைமர் பல பெட்டிகளில் உண்டு, காரிலும் உண்டு. இரண்டில் ஒன்றில் மட்டும் வையுங்கள், இரண்டிலும் வைத்தால் ஒன்றையொன்று எதிர்பார்த்து இரண்டும் தூங்கிவிடும்.

11 கிலோவாட் ஏற்கிற கார் என்றால், மகிந்திராவின் பிஇ 6 போல, மூன்று பேஸ் பெட்டி வாங்குவது தெருவுக்கும் நல்லது. வேகம் கூடுதல், ஆனால் பேஸுக்கு 16 ஆம்பியர்தான். ஒரே பேஸில் 32 இழுப்பதைவிட ட்ரான்ஸ்பார்மருக்கு இது சுகம்.

மெயின் வயரில் கரண்டை அளக்கிற வளையம் மாட்டி வீட்டு லோடைப் பார்த்து ஆம்பியரைத் தானே ஏற்றி இறக்குகிற பெட்டிகள் வந்திருக்கின்றன. வீட்டில் மோட்டார் போட்டால் கார் 32-லிருந்து 10-க்கு இறங்கும், அணைத்தால் ஏறும். 6 ஆம்பியருக்குக் கீழே இறங்க முடியாது, நின்றுவிடும். கூடுதல் காசு கொடுக்கத் தகுந்த ஒரே ஸ்மார்ட் வசதி இதுதான். குரலில் பேசுகிறது, கலர் கலராக லைட் மாறுகிறது என்பதற்கெல்லாம் காசு கொடுக்காதீர்கள்.

பில்

வீட்டுக் கட்டணம் இரண்டு மாதக் கணக்கு. 2024 ஜூலைக் கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு மாதத்தில் 500-ஐத் தாண்டினால் ஸ்லாப் மாறி, கீழே இருக்கிற யூனிட்டுகளுக்கும் சலுகை குறையும். அந்தக் கட்டணப்படி 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு 8.55 ரூபாய், 601 முதல் 800 வரை 9.65, 801 முதல் 1,000 வரை 10.70, அதற்கு மேல் 11.80. ஏற்கெனவே 400 யூனிட் ஓடுகிற வீட்டில் மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் காரைச் சேர்த்தால் இரண்டு மாதத்தில் 450 யூனிட் கூடி 850-ல் போய் நிற்கும். கூடுதல் செலவு சுமார் 4,200 ரூபாய், கிலோமீட்டருக்கு ஒன்றரைக்குள். பெட்ரோலோடு ஒப்பிட்டால் சிரிப்புதான் வரும். ஆனால் ஷோரூமில் சொல்கிற "கிலோமீட்டருக்கு ஐம்பது காசு" கணக்கு இங்கே நடக்காது.

மாடியில் சோலார் இருந்தால் கணக்கு மாறும். 3 கிலோவாட்டுக்குப் பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம். நல்ல வெயிலில் நாளொன்றுக்கு 12 யூனிட் வரும், அதாவது மார்த்தாண்டம் போய்வருகிற காருக்குப் போக மிச்சம் இருக்கும். ஆனால் இது இரண்டு மழை பெய்கிற மாவட்டம். ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் அந்த 12-ஐ எதிர்பார்க்காதீர்கள். இன்னொன்று: கிரிட்டோடு இணைந்த இன்வெர்ட்டர் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும், லைனில் வேலை செய்கிறவரைக் காக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள். உச்சி வெயிலில் மாடியில் பலகை மினுங்கும், கீழே கார் சார்ஜ் ஏறாது.

நெடுஞ்சாலை நிலையங்களோடு ஒப்பிட்டால்

நான்குவழிச் சாலையிலும் திருவனந்தபுரம் ரோட்டிலும் இருக்கிற வேகச் சார்ஜ் நிலையங்கள் வீட்டுப் பெட்டிக்கு மாற்று இல்லை, துணை. யூனிட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து வீட்டு விலையைப் போல் இரண்டு மடங்குக்குப் பக்கம் ஆகும். போர்டில் 60 கிலோவாட் என்று இருக்கும், இரண்டு கன் இருக்கும். இரண்டு கார் குத்தினால் ஆளுக்கு 30. சின்ன பேட்டரிக் கார் தனியாக நின்றாலும் 60 இழுக்காது. 80 சதவீதத்துக்கு மேல் வேகம் சொட்டுச் சொட்டாகக் குறையும். பின்னால் ஒருவர் நிற்கும்போது 80-லிருந்து 100-க்கு உட்கார்ந்திருப்பவர் பந்தியில் இலையை மூடாதவர் மாதிரி. ஐயப்ப சீசனில் கன்னியாகுமரி வருகிற கூட்டத்தில் இது தினசரிச் சண்டை.

மழையில் "இன்சுலேஷன் ஃபெயில்" என்று வந்தால் மெஷினைத் திட்ட வேண்டாம். கன்னுக்குள் வெள்ளம் நிற்கிறது. மூக்கைக் கீழே கவிழ்த்து உதறி, உலர்ந்த துணியால் வெளி விளிம்பைத் துடைத்து மறுபடி குத்தினால் பெரும்பாலும் எடுத்துவிடும். ஆப் திறக்காத இடத்தில் ஆர்எஃப்ஐடி கார்டு கைகொடுக்கும். கன் காரோடு பூட்டிக்கொண்டு வராவிட்டால் இழுத்து உடைக்காதீர்கள், கார் கையேட்டில் அவசர விடுப்புக் கயிறு எங்கே என்று போட்டிருப்பார்கள், பல கார்களில் டிக்கிக்குள் அல்லது பானட்டுக்குள் இருக்கும். மத்திய மின்துறையின் 2024 செப்டம்பர் வழிகாட்டுதல், மின்வாரியங்கள் நிலையங்களுக்கு விற்கிற மின்சாரத்தைக் காலை 9 முதல் மாலை 4 வரை மின்சாரம் வழங்க ஆகிற சராசரிச் செலவின் 0.7 மடங்குக்கும் மற்ற நேரம் 1.3 மடங்குக்கும் விற்கச் சொல்கிறது. அந்தச் சலுகை நிலையக்காரருக்கு. நமக்கு வருகிறதா என்பதை ஆப்பில் பகல் விலையையும் இரவு விலையையும் ஒப்பிட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து திரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும், முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்று. 80-ல் போகிற கார் மணிக்கு 30 கிலோமீட்டர் வேக எதிர்க்காற்றைச் சந்தித்தால் காருக்கு அது 110-ல் போவது மாதிரி, காற்றுத் தடை 1.9 மடங்கு. காவல்கிணறு தாண்டும்போது மீட்டரில் காட்டுகிற மிச்ச தூரத்தை அப்படியே நம்பாமல் பத்து சதவீதம் கையிருப்பு வைத்து வாருங்கள். அல்லது 60-க்கு இறக்குங்கள். அந்தக் காற்றுக் காலத்தில்தான் தமிழ்நாட்டின் 10,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட காற்றாலைகள் ராத்திரியிலும் ஓடும், வீட்டில் ராத்திரி சார்ஜ் போட அதைவிட நல்ல நேரம் இல்லை.

கரண்ட் போனால்

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபின் கம்பங்கள் சாய்ந்து ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை யாரும் மறக்கவில்லை. அதனால் காரிலிருந்து வீட்டுக்குக் கரண்ட் எடுக்கிற வசதியைப் பற்றி இங்கே கேள்வி அதிகம். சுவர்ப் பெட்டி அதைச் செய்யாது. இங்கே விற்கிற சாதாரணப் பெட்டிகள் ஒருவழிப் பாதை. சில கார்களில் தனி அடாப்டர் மாட்டி 3 கிலோவாட் அளவுக்கு எடுக்கலாம். ஃப்ரிட்ஜ், நாலு ஃபேன், விளக்கு, போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து மணிக்கு அரை யூனிட் போனால் 30 யூனிட் மிச்சமுள்ள கார் இரண்டு நாளுக்கு மேல் தாங்கும். அந்த அடாப்டரில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டி, இந்தச் சாமான்களை அதில் நேராக ஓட்டுங்கள். இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயர் செய்து சுவர் சாக்கெட்டில் குத்தி வீட்டுக்கே ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கரண்ட் மீட்டரைத் தாண்டி லைனுக்குப் போகும், ட்ரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்பி 11,000 வோல்ட்டாக ஏறும், லைன் செத்துக் கிடக்கிறது என்று நினைத்துக் கம்பத்தில் நிற்கிறவர் கையில். வீட்டு வயரிங்குக்கே கொடுக்க வேண்டுமென்றால் ஜெனரேட்டருக்கு வைப்பது போல சேஞ்ச்ஓவர் சுவிட்சு வைக்க வேண்டும், பேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே வெட்டுகிற வகை.